பைமோபெண்டான் மாத்திரை: பதினெட்டு மாதம் கொடுத்துப் பார்த்ததில்

எங்கள் வீட்டு நாய் ஜிம்மிக்கு, அவன் இதய நோய்க்காக, காலை ஆறு மணிக்கு ஒன்றும் மாலை ஆறு மணிக்கு ஒன்றுமாக 1.25 மில்லிகிராம் பைமோபெண்டான் மாத்திரை கொடுக்கத் தொடங்கிப் பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள் அவன் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. மருந்துச் சீட்டில் இந்தப் பெயரை முதன்முதலாகப் பார்க்கும் எவருக்கும், அன்றைக்கு எனக்கு எழுந்த கேள்விகளே எழும் என்று நினைக்கிறேன்: இது நோயைக் குணப்படுத்துமா, இந்த விலை கொடுக்கத் தகுமா, ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டுமா, கொடுத்தால் என்ன மாற்றம் தெரியும்? ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்தின் வெட்மெடின் என்ற பெயரில் உலகெங்கும் அறிமுகமான மருந்து இது. அமெரிக்காவில் நாய்களுக்காக 2007இல் ஒப்புதல் பெற்றது. ஜப்பானில் மனிதர்களுக்கும் தரப்படுகிறது. நான் இங்கே மதிப்பிடுவது எந்த ஒரு நிறுவனத்தின் அட்டையையும் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தையே.

ஜிம்மி பொமரேனியன். நம் ஊரில் அந்தப் பெயரில் வளர்க்கப்படும் பெரும்பாலான நாய்களைப் போல அவனும் உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். எடை 5.8 கிலோ, அப்போது வயது பத்து. மார்கழிப் பனியில் இரவு இருமல் தொடங்கியது. தொண்டையில் எலும்பு சிக்கியதைப் போலக் கழுத்தை நீட்டி, இரண்டு மூன்று முறை இருமி, கடைசியில் ஓங்கரித்து வெள்ளையாகக் கொஞ்சம் நுரை கக்குவான். வீட்டுக்கு அருகில் இருந்த மருத்துவமனையில் சளி என்று சொல்லி, மூன்று வாரங்களுக்கு இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் ஒருமுறைகூட அவன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கவில்லை என்பது பின்னால்தான் என் நினைவுக்கு உறைத்தது. அடுத்துப் போன மருத்துவர், மேசையில் அவனை நிறுத்தியதும் முதலில் செய்த காரியமே அதுதான். இடது பக்கம், முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, என்னிடமும் கொடுத்தார். லப்-டப் என்று கேட்க வேண்டிய இடத்தில், குழாயில் தண்ணீர் கசிவதைப் போல ஒரு ‘உஷ்’ ஓசை. அதை முணுமுணுப்பு என்கிறார்கள். ஆறு படிகள் கொண்ட அளவுகோலில் ஜிம்மியுடையது நான்கு.

எக்ஸ்ரேயும் எக்கோவும் எடுத்த பிறகு கிடைத்த பெயர், மைட்ரல் வால்வுத் தேய்வு நோய். நாய்களுக்கு வயது ஏறும்போது வருகிற இதய நோய்களில் இதுவே மிகப் பரவலானது. பொமரேனியன், டாஷ்ஹண்ட், பூடில், சிவாவா போன்ற சிறிய நாய்களையே அதிகம் பிடிக்கிறது, கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலுக்கோ இது ஏறத்தாழ குலநோய். இதயத்தின் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வின் மெல்லிய இதழ்கள் தடித்து, முடிச்சு விழுந்து, சரியாக மூடாமல் போகின்றன. தெருவில் அடிபம்பு இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டால் எத்தனை முறை அடித்தாலும் தண்ணீரில் ஒரு பங்கு கீழேயே இறங்கிவிடும். குடம் நிறைய இன்னும் வேகமாக, இன்னும் அதிக முறை அடிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தத்தில் ஒரு பகுதி பின்னோக்கி மேலறைக்குள் பாய்வதால் மேலறை உப்புகிறது. உப்பிய மேலறை, தனக்கு மேலே ஓடும் இடது மூச்சுக்கிளைக் குழாயின் மேல் சாய்கிறது. இருமலுக்கு அது ஒரு காரணம். பொமரேனியன்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாகும் கோளாறும் சேர்ந்தே இருப்பதுண்டு என்பதால், எந்த இருமல் எதனால் வருகிறது என்று பிரிப்பது மருத்துவருக்கே எளிதல்ல என்றும், இருமலின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதயத்தைக் கணிக்காதீர்கள் என்றும் அவர் அன்றே எச்சரித்தார்.

பைமோபெண்டான் இந்த வாஷரை மாற்றுவதில்லை. மாற்றும் என்று யாராவது சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது: இதயத் தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் கால்சியத்துக்குத் தசையை இன்னும் கூர்மையாக வினைபுரியச் செய்து, ஒவ்வொரு அழுத்தத்தையும் வலுப்படுத்துகிறது, அதோடு ரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரித்து, இதயம் தள்ள வேண்டிய எதிர்ப்பைக் குறைக்கிறது. பம்பு அடிக்கிற கைக்கு வலுவும் வந்து, தண்ணீர் வெளியேறும் வாயும் அகலமானால், தேய்ந்த வாஷருடனேயே குடம் ஓரளவு நிறையும் அல்லவா? அவ்வளவுதான் இந்த மருந்து. ஆனால் அந்த ‘அவ்வளவு’ சிறியதல்ல.

எப்போது தொடங்குவது என்பதே இதில் முதன்மையான கேள்வி. இந்த நோயை ஏ, பி1, பி2, சி, டி என்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அந்த இனத்தில் பிறந்ததாலேயே ஆபத்து உள்ள நாய் ஏ. முணுமுணுப்பு இருந்தும் இதயம் பெரிதாகாதது பி1. இதயம் தெளிவாகப் பெரிதாகி, ஆனால் நுரையீரலில் இன்னும் நீர் கோக்காதது பி2. நீர் கோத்துவிட்டால் சி. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலை டி. முணுமுணுப்பு கேட்ட உடனேயே எல்லா நாய்க்கும் இதைக் கொடுத்துவிடக் கூடாது. 2016இல் வெளியான எபிக் என்ற ஆய்வில், 11 நாடுகளைச் சேர்ந்த 360 நாய்கள், பி2 நிலையில் இருந்தவை, பங்கேற்றன. பைமோபெண்டான் பெற்ற நாய்களுக்கு இதயச் செயலிழப்போ இதயத்தால் இறப்போ நேர எடுத்த காலத்தின் இடைநிலை 1228 நாள். வெற்று மாத்திரை பெற்றவற்றுக்கு 766 நாள். ஏறத்தாழ பதினைந்து மாத வேறுபாடு. அந்த ஆய்வில் சேர முணுமுணுப்பு மூன்றாம் படியாவது இருக்க வேண்டும், எக்கோவில் இடது மேலறைக்கும் மகாதமனிக்கும் உள்ள அளவு விகிதம் குறைந்தது 1.6 இருக்க வேண்டும், எக்ஸ்ரேயில் முதுகெலும்புக் கணுக்களின் நீளத்தை அலகாக வைத்து அளந்த இதயத்தின் அளவு 10.5ஐத் தாண்ட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. ஜிம்மியின் விகிதம் 1.9, எக்ஸ்ரே அளவு 11.6. ஆக, எங்களுக்கு யோசிக்க இடமிருக்கவில்லை. எக்கோ எடுக்கும் செலவைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் வாங்கிக் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பி1 நாய்க்குக் கொடுத்தால் காசுதான் வீண், மகாதமனிக் குறுக்கமோ, இதயச் சுவர் தடித்துப்போகும் நோயோ இருக்கும் நாய்க்கு இது கொடுக்கவே கூடாத மருந்து. எது என்று எக்கோ பார்க்காமல் எப்படித் தெரியும்?

இனிப் பயன்பாடு. மருந்தின் அளவு பொதுவாக ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.5 மில்லிகிராம் வாக்கில், இரண்டாகப் பிரித்து, ஏறக்குறைய பன்னிரண்டு மணிநேர இடைவெளியில். உணவோடு சேர்ந்தால் உடலில் ஏறுவது குறையும் என்பதால் சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன்னதாகக் கொடுக்கச் சொன்னார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஒரு மணிநேரம்தான் எங்கள் வீட்டு நேர அட்டவணையையே மாற்றியது. காலையில் பால் பாக்கெட் வாங்கக் கதவு திறக்கும்போதே சோறு கேட்கிற நாயிடம் ஏழு மணி வரைக்கும் நியாயம் பேச முடியாது. மெல்லும் வகை மாத்திரைக்கு இறைச்சி மணம் உண்டு. முதல் இரண்டு மாதம் பிஸ்கட்டைப் போல வாங்கித் தின்றான், பிறகு ஒரு நாள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து விரல்நுனி அளவு வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுக்கிறோம். சீஸ் துண்டில் வைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. உப்பு இருப்பதால் இதய நோய் நாய்க்கு அது வேண்டாம். இறைச்சி மணம் இருப்பதால் டப்பாவை எட்டாத உயரத்தில் வைப்பதும் முக்கியம்: மாத்திரையை மறுக்கிற நாயே, தானாகத் திருடும்போது முழு அட்டையையும் தின்றுவிடும்.

கிடைப்பதில் சிக்கல் உண்டு. தெரு முனை மருந்துக் கடையில் சீட்டை நீட்டினால், “சார், இது நாய்க்கா? இங்க வராதே” என்பதுதான் பதில். செல்லப்பிராணி மருந்துகள் வைத்திருக்கும் கடைகளிலோ இணையத்திலோதான் வாங்க வேண்டும், 1.25 மில்லிகிராம் தீர்ந்து 5 மில்லிகிராம் மட்டுமே கையிருப்பு என்ற பதிலையும் இரண்டு முறை கேட்டிருக்கிறேன். ஐந்தை நான்காக உடைத்துக் கொடுக்கலாமே என்று கடைக்காரர் சொன்ன யோசனையை மருத்துவர் ஏற்கவில்லை. துண்டுகள் சமமாக உடையாது, இவ்வளவு சிறிய உடம்பில் அந்த வேறுபாடு பெரிது என்றார். விலையைப் பொறுத்தவரை, ஜிம்மியின் மாதாந்திரக் கோழிக்கறிச் செலவை இந்த ஒரு மருந்தின் செலவு தாண்டிவிட்டது. இருபத்தைந்து கிலோ நாய் வைத்திருப்பவர்கள் அதை நான்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

பலன்? பத்தாம் நாள் வாக்கிலேயே தெரிந்தது. இருமல் முழுதாக நிற்கவில்லை, ஆனால் இரவில் பாதியானது. மொட்டை மாடிப் படியில் நடுவில் நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பவன், ஒரே மூச்சில் ஏறத் தொடங்கினான். காகத்தைத் துரத்தினான். முதல் வாரத்தில் இரண்டு வேளை சாப்பாட்டில் ஆர்வம் குறைந்ததைத் தவிரப் பக்கவிளைவு எதுவும் நான் காணவில்லை. நான் இந்த மருந்தின் மீது வைக்கும் ஒரே பெரிய குறையும் இந்த உற்சாகத்தில்தான் ஒளிந்திருக்கிறது. நாய் இளமை திரும்பியதைப் போல ஓடத் தொடங்கியதும், வீட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் நோய் போய்விட்டது என்ற நினைப்பு வந்துவிடுகிறது. வால்வு உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. மாத்திரை அதை நம் கண்ணிலிருந்து மறைக்கிறது.

அதற்கு எதிராக மருத்துவர் கையில் கொடுத்தது ஒரு காசு செலவில்லாத வேலை. நாய் ஆழ்ந்து தூங்கும்போது, விலாப்பக்கம் ஒருமுறை எழுந்து தாழ்வதை ஒன்று என்று வைத்து, முப்பது நொடிக்கு எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி. தொடர்ந்து 30ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே அழைக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போதும், வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போதும் எண்ணுவது கணக்கில் வராது. கைப்பேசியில் எண்ணித் தரும் செயலிகள் இருக்கின்றன. நான் பழைய நாட்குறிப்பு ஒன்றையே பயன்படுத்துகிறேன். தொடக்கத்தில் ஜிம்மியின் எண்கள் 18, 20, 22 என்று இருந்தன. தனித்தனி எண்ணை விட அந்த நாய்க்கு வழக்கமான எண் எது என்பதும், அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதும்தான் முக்கியம்.

இதைத் தெரிந்துவைத்திருந்தும் நான் தவறினேன். பதினான்காம் மாதம், சித்திரை வெயில். அந்த நாட்குறிப்பை இப்போது புரட்டினால் பத்து நாள் வரிசையாக 22, 24, 24, 26, 25, 27, 29, 28, 29, 31 என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் வெக்கை என்று காரணம் சொல்லிக்கொண்டேன். மாலையில் அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்தது அந்தக் காரணத்துக்கு முத்திரை குத்தியது. பதினோராம் நாள் இரவு பத்தரைக்கு 38. மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு அரைமணி கழித்து எண்ணியபோது 44. படுக்க மறுத்து, முன்னங்கால்களை அகட்டி வைத்து, முழங்கைகள் விலாவை விட்டு விலகி நிற்க, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். இரவு முழுவதும் திறந்திருக்கும் என்று விளம்பரம் செய்திருந்த மருத்துவமனைக்குப் போனால், ஆக்சிஜன் சிலிண்டர் காலி என்றார்கள். இரண்டாவது இடத்தில் ஆக்சிஜன் கூண்டு இருந்தது. உடலில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃபுரோசமைடு ஊசியை நரம்பில் போட்டு, கூண்டுக்குள் விட்டு, யாரும் அவனைத் தொடாமல் அமைதியாக விட்டார்கள். விடியற்காலையில் கூண்டுக்குள் விரித்திருந்த துணி முழுக்க நனைந்திருந்தது, எண்ணிக்கை 28. அவன் சிறுநீர் கழித்ததைப் பார்த்து இப்படி மகிழ்வேன் என்று நினைத்ததில்லை. ஆக, எபிக் ஆய்வின் இடைநிலையை விட எங்களுக்கு மிகக் குறைவாகவே கிடைத்தது. இடைநிலை என்றால் பாதி நாய்களுக்கு அதைவிடக் குறைவு என்றுதானே பொருள்?

அன்று முதல் அவன் சி நிலை. பைமோபெண்டானோடு, நாம் நீர் மாத்திரை என்று சொல்லும் ஃபுரோசமைடு, ஸ்பைரனோலாக்டோன், பெனசெப்ரில் ஆகிய மூன்றும் சேர்ந்தன. இந்த நிலையிலும் பைமோபெண்டானின் இடம் உறுதியானது: 2008இல் வந்த குவெஸ்ட் ஆய்வில், வால்வு நோயால் செயலிழப்புக்கு வந்த நாய்களில், வழக்கமான மருந்துகளோடு இதைப் பெற்றவற்றுக்கு, இதயத்தால் இறப்போ சிகிச்சை பலனற்றுப்போவதோ நேரும் வரையிலான இடைநிலைக் காலம் 267 நாள், பெனசெப்ரில் பெற்றவற்றுக்கு 140 நாள். நீர் மாத்திரைதான் தினசரி வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிறது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறை கீழே இறங்குகிறோம். அவனை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டுதான். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு நெஞ்சுப் பட்டை போட்டிருக்கிறோம். தண்ணீர் அதிகம் குடிக்கிறானே என்று கிண்ணத்தை எடுத்து வைக்கக் கூடாது. வெளியேறுகிற நீரை அவன் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும். மருந்து கூட்டிய இரண்டாம் வாரத்தில் ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்த்தார்கள், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இதயத்துக்காக நீரை இறக்கினால் சிறுநீரகம் முறையிடும்.

சாப்பாட்டில் பெரிய போராட்டம் என் அம்மாவோடுதான். “உப்பில்லாம எப்படிடா சாப்பிடும், வாயில்லா ஜீவன்” என்று சொல்லி, ரசம் சோற்றின் கடைசிக் கவளத்தையும் அப்பளத்தின் ஓரத்தையும் மேசைக்குக் கீழே தள்ளுவது அவர் வழக்கம். கருவாடு, முறுக்கு, பொறை, கடையில் விற்கும் உப்பிட்ட நாய்த் தின்பண்டம் எல்லாம் நின்றன. அதே வேகத்தில் பத்தியச் சாப்பாடாக மாற்றிவிடவும் கூடாது என்பது நான் தாமதமாகக் கற்றது: இதய நோய் முற்றும்போது நாய்க்குத் தசை கரைகிறது, ஜிம்மி 5.3 கிலோவுக்கு இறங்கிவிட்டான், முதுகெலும்பு விரலில் தட்டுப்படுகிறது. உப்பைக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல், அவன் விரும்பித் தின்பதைக் கொடுக்க வேண்டும். இப்போது வேகவைத்த கோழியும் முட்டையும் சோறும், கொஞ்சம் பூசணியும்.

பெரிய நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். டாபர்மேன், கிரேட் டேன் போன்றவற்றைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த வால்வு நோய் அல்ல, இதயத் தசையே தளர்ந்து அறைகள் விரியும் நோய். அதற்கும் இதே மருந்து உதவுகிறது: 76 டாபர்மேன்களைக் கொண்டு செய்து 2012இல் வெளியான ஆய்வில், அறிகுறி தோன்றும் முன்பே தொடங்கியவற்றுக்கு இதயச் செயலிழப்போ திடீர் இறப்போ நேரும் வரையிலான இடைநிலை 718 நாள், மற்றவற்றுக்கு 441. அந்த நோயில் முணுமுணுப்பே கேட்காமல் போகலாம், திடீர் மயக்கமோ திடீர் இறப்போ முதல் அறிகுறியாக இருக்கலாம். வால்வையே தைத்துச் சரிசெய்யும் அறுவைச் சிகிச்சையும் உலகில் உண்டு. ஜப்பானின் கால்நடை மருத்துவர் மசாமி உஎச்சி அதில் பெயர் பெற்றவர். அந்தச் செலவும் பயணமும் என்னைப் போன்றவர்களின் கணக்கில் வருவதில்லை.

நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று கிடைப்பதில் உள்ள சிரமத்துக்காகவும், அட்டையின் உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் தூங்கும்போது மூச்சை எண்ணச் சொல்லி ஒரு வரிகூட நான் பார்க்காததற்காகவும். கொடுத்த நான்கும் அந்தப் பதினான்கு மாதங்களுக்கும் அதற்குப் பின் வந்த நான்கு மாதங்களுக்கும். நேற்று இரவின் எண் 24. தீபாவளி நெருங்குகிறது, போன வருடம் வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தான், இந்த இதயத்துக்கு இம்முறை அது ஆகாது என்பதால், உள்ளறைச் சன்னலைக் கம்பளி போட்டு அடைப்பதாகவும், சத்தம் தொடங்கும் முன் கொடுக்க அமைதி மருந்து ஏதும் தேவையா என்று இந்த வாரமே மருத்துவரிடம் கேட்பதாகவும் இருக்கிறோம். கடைகள் மூடும் நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டு மூன்று அட்டை கூடுதலாகச் சொல்லி வைத்தாயிற்று.